பூனைக்கு வைத்த உறைமோர்

என் ஓரகத்தி என் பூனையின் வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றினாள். அது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவளும் கிழவி, நானும் கிழவி. வயதானால் மனசு இளகும் என்கிறார்கள். எனக்கு முழங்கால் மட்டும்தான் இளகியிருக்கிறது.

அப்போது நாங்கள் மலாயாவில், லாபிஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தண்டவாள வேலைக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த லயத்தில் இருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். என் புருஷனும் அவருடைய அண்ணனும் ஒரே கூட்டத்தில் தண்டவாளக் கம்பி வேலை பார்த்தார்கள். அண்ணன் குடும்பத்துக்குக் கோடி வீடு, எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் வீட்டில் மிளகாய் தாளித்தால் என் வீட்டில் தும்மல் கேட்கும்.

மூத்தவரின் மனைவி என்பதால் நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அந்த லயத்திலேயே மாடு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற வீடுகளில் எல்லாம் டின் பால். ஆகவே மோர் வேண்டுமானாலும் சரி, தயிருக்கு உறை வேண்டுமானாலும் சரி, அவள் வாசலில்தான் போய் நிற்கவேண்டும். நிற்கவும் வைப்பாள். ஒரு கரண்டி மோருக்கு ஒரு மணி நேரம் அவள் பெருமையைக் கேட்டாகவேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரு பூனை. செம்பட்டை நிறம், வால் நுனி மடங்கின இந்த ஊர்ப் பூனை. குட்டியாகத் தண்டவாளத்து ஓரத்தில் கத்திக்கொண்டிருந்ததை என் புருஷன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பெற்ற இரண்டும் தங்காமல் போன வீடு எங்களுடையது. நான் பைப்படிக்குப் போய்த் திரும்பும்வரை எனக்காக வாசலில் காத்திருந்த உயிர் அது ஒன்றுதான்.

அந்தப் பூனை ஒரு நாள் அவள் பால்சட்டியில் வாய் வைத்துவிட்டது. தப்புதான். விளக்குமாற்றால் ஒரு அடி போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவள் அதைச் சாக்கில் சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, வாய் நிறைய விளக்கெண்ணெயை ஊற்றினாள். ஊற்றியதை மறைக்கவும் இல்லை. பைப்படியில் அத்தனை பெண்களுக்கும் நடுவில் சொல்லிச் சிரித்தாள்.

"பால் கேட்டுச்சு, எண்ணெய குடுத்தேன். இனிமே என் வாசப்படிய மிதிக்குமாங்கிறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மோருக்குப் போய் நிற்கவேண்டியவர்கள்தானே, சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

பூனை தன் அசிங்கத்தை மண் தோண்டி மூடுகிற ஜென்மம். அன்று முதல் அதற்குப் போனது போனபடி இருந்தது. வெறும் தண்ணீர், அப்புறம் நுரை, அப்புறம் லேசாக ரத்தம். போய்விட்டு, மூடுவதற்காக ஒரு காலைத் தூக்கும். தூக்கின கால் நடுங்கும். மண்ணைத் தொடாமலேயே அப்படியே சரிந்து படுத்துக்கொண்டு, வெட்கப்பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அண்ணி கொணம் தெரிஞ்சதுதான? வுட்டுத் தள்ளு. ஒரு பூனைக்காக அண்ணன்கிட்ட போயி நிக்கச் சொல்றியா?" என்றார் என் புருஷன். அத்தோடு விடாமல், பாவம் பார்த்து, டின் பாலைத் தண்ணீரில் கரைத்து வைத்தார். அதைக் குடித்தபின் பூனைக்கு இன்னும் மோசமாகப் போயிற்று.

லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்களைத் தாண்டினால் ஒரு மலாய்க் கம்பம், சின்னக் கிராமம். அங்கிருந்து கீரை, வாழைப்பழம் விற்க ஒரு மலாய்க்காரி வருவாள்; மக்சே என்று கூப்பிடுவோம். அவள் கூடையை இறக்கிவிட்டுப் பூனையைத் தூக்கி மடியில் போட்டு, வயிற்றைத் தடவி, "கசியான், கசியான்" என்று பாவம் பார்த்து உச்சுக்கொட்டினாள். டின் பாலைப் பார்த்ததும் என்மேல் பாய்ந்தாள்.

"சூசு ஜாங்கான் லா!"

பாலே கொடுக்காதே என்றாள். கொய்யாக் கொழுந்தைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துணித் திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயோரம் விடச் சொன்னாள். விட்டேன். பூனை என் கையைக் கிழித்தது. கிழிக்கத் தெம்பிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மறுபடியும் விட்டேன். கூவைக்கிழங்கு மாவில் நீர்க்கக் கஞ்சி காய்ச்சி விரலால் நாக்கில் தடவினேன். போவது குறைந்தது. ஆனால் வயிறு உறுமிக்கொண்டே இருந்தது, மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முதுகெலும்பு எண்ணலாம்போல் ஆகிவிட்டது.

பேதியில் கழுவித் துடைத்த வயிற்றை மறுபடியும் பழக்கத்துக்குக் கொண்டுவர மோர்தான் மருந்து என்பது எங்கள் வீட்டு வழக்கம். உப்பில்லாத, புளிக்காத மோர். பால் ஒத்துக்கொள்ளாத வயிறுகூட மோரை ஏற்றுக்கொள்ளும். மனிதருக்குச் சரியானது பூனைக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தேன். மக்சே வீட்டில் குட்டி போட்ட ஆடு இருந்தது, பால் தருகிறேன் என்றாள். உறைதான் இல்லை. உறை வேண்டுமானால் போக வேண்டிய வாசல் எது என்பது தெரியும். ரோஷத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

"வெளக்கு வச்ச நேரத்துல உறை கேக்குறியேடி? எங்க வீட்டு லட்சுமிய உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கவா?" என்றாள்.

விடிந்ததும் போனேன்.

"இன்னிக்கி வெள்ளிக்கிழம. வெள்ளிக்கிழமையில வெள்ளையா எதுவும் எங்க வீட்ட வுட்டு வெளிய போவாது."

போன வெள்ளிக்கிழமைதான் ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு இவளே சொம்பில் தயிரை ஊற்றித் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பார்த்தேன். கிராணி வீடு என்றால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள் போலிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சனிக்கிழமையும் போனேன். பூனை செத்துக்கொண்டிருந்தது, எனக்கு வேறு வழி இல்லை.

"ஒரே ஒரு கரண்டி போதும்க்கா. அது பொழச்சிக்கும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாட்டு மோரப் பூனைக்கு ஊத்துனா மாட்டுக்கு மடி வத்திரும். பெத்த புள்ளைக்குப் பால் குடுக்கக் குடுத்து வைக்கல, பூனைக்கு மோர் குடுக்க வந்துட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அழவில்லை. உன்னை ஒரு நாள் இதே வயிற்றில் அடிக்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வீடு வந்தேன்.

உறை இல்லாத இடத்தில் காய்ந்த மிளகாயின் காம்பைக் கிள்ளிப் போட்டாலும் பால் தோயும் என்று கேள்விப்பட்டிருந்தேன். செய்து பார்த்ததில்லை. ஆட்டுப்பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் காம்புகளைப் போட்டு, அடுப்புச் சாம்பல் பக்கத்தில் மூடி வைத்தேன். முதல் தடவை நூல் நூலாகக் கெட்டுப்போயிற்று, கொட்டினேன். அடுத்த தடவை தளர்வாகத் தோய்ந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்து இன்னொரு நாள் பாலில் விட்டேன். சட்டியைச் சாய்த்தபோது சிந்தவில்லை. உண்மையான தயிர்! அவள் மாட்டுக்கும் அவள் லட்சுமிக்கும் அதில் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தண்ணீர் விட்டு அடித்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்தேன். பூனை முகர்ந்தது. என் விரலை நக்கியது. அப்புறம் தானாகவே சிரட்டையில் வாயை வைத்தது. தினமும் கொஞ்சம் மோர், பிறகு முள் எடுத்த மீனும் குழைந்த சோறும். வயிறு உறுமுவது அடங்கியது. ஒரு காலையில் அது கொல்லையில் போய்க் கெட்டியாக இருந்துவிட்டு, நாலு பக்கமும் மண்ணை வாரி மூடி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் மூடியது. ஒரு பூனை வெளிக்குப் போனதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டவள் லாபிஸில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தத் தயிரை நான் விடவில்லை. சட்டியில் தயிர் தீர்ந்துபோன ஒரு நாள், சிரட்டையில் பூனை நக்கி மிச்சம் வைத்ததையே பாலில் உறையாக விட்டேன். கொட்ட மனசு வரவில்லை. அதற்குப்பின் வந்த தயிரெல்லாம் அதன் வம்சம்தான். என் புருஷன் அதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கைப்பக்குவம் என்றார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அருவருப்பே தோன்றியதில்லை.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். அவள் மாடு சினையாகிப் பால் வற்றியது. தயிர்ச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து அவள் பெண்ணுக்குக் காஹாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நல்ல இடம் அமைந்தது. நிச்சயம் பண்ண வருகிறார்கள். பந்தியில் கடைசிச் சோற்றுக்குத் தயிர் இல்லாமல் முடியுமா? அண்ணன் சிகாமட்டிலிருந்து ரயிலில் ஒரு தூக்கு மாட்டுப்பால் கொண்டுவந்தார். பால் இருக்கிறது, உறை இல்லை. என் வீட்டுத் தயிர் லயத்தில் பேச்சாகியிருந்தது.

மாலையில் நான் விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் சொம்போடு நின்றாள்.

"ஒரு கரண்டி உறை குடுடி. புள்ள காரியம்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இல்லை என்ற சொல் அவளுக்கு ஒரு ராத்திரிக்குத்தான் வலிக்கும். எனக்கு அது போதாது.

"இருங்கக்கா, கொண்டாறேன்" என்று உள்ளே போனேன். சட்டியில் நல்ல தயிர் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அடுப்போரம் பூனை அப்போதுதான் நக்கிவிட்டு நகர்ந்த சிரட்டை இருந்தது. அதில் அடியில் கிடந்ததை வழித்து அவள் சொம்பில் விட்டேன்.

மறுநாள் அவள் வீட்டுத் தயிர் கத்தி வைத்து வெட்டலாம்போல் தோய்ந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "என்ன தயிருங்க இது! எங்க பக்கம் இப்படித் தோயவே தோயாது. போவும்போது கொஞ்சம் உறை குடுங்க, சம்பந்தி. வர்ற மருமவளுக்கும் பொறந்த வீட்டு ருசியா இருக்கும்" என்றாள்.

"எங்க வீட்டுத் தயிர்ன்னா அப்படித்தாங்க. எல்லாம் எங்க லட்சுமி கடாட்சம்" என்றாள் இவள். பரிமாறிக்கொண்டு பக்கத்தில் நின்ற என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மாள் தூக்கை நீட்டிக்கொண்டு அடுக்களை வாசல்வரை வந்துவிட்டாள். என் ஓரகத்தி தயிரில் கரண்டியை விட்டாள். நான் குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"அது என் பூனை நக்கின மிச்சத்துல தோஞ்சதுக்கா. நேத்து உங்களுக்குக் குடுத்ததும் அது வாய் வச்ச செரட்டையில இருந்ததுதான்."

கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று என் முகத்தில் தேடினாள். அங்கே அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சம்பந்தியம்மாள் சிரித்த முகத்தோடு தூக்கை நீட்டிக்கொண்டே நின்றாள். தயிரைக் கீழே போட முடியாது, இல்லை என்று சொல்ல முடியாது, ஏன் என்று சொல்லவே முடியாது. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் அதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டாயிற்று. அவள் ஊற்றினாள்.

ரயில் போனபின் கொல்லையில் உட்கார்ந்து குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். பெண்ணைப் பிரியப்போகிற துக்கம் என்றார்கள் லயத்துப் பெண்கள். நான்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சம்பந்தி காதுக்குப் போகும், பெண்ணின் வாழ்க்கை கெடும். கல்யாணம் நன்றாக நடந்தது. பூனை கிழடாகி, அவள் வாசல்படியில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருக்கும். அவள் தாண்டிப் போவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, அவள் பெண்ணின் குழந்தைக்குக் காது குத்த நாங்கள் எல்லாரும் காஹாங் போனோம். வெயிலில் வந்து இறங்கிய எங்களுக்கு அந்தப் பெண் இரண்டு தம்ளரில் மோர் கொண்டுவந்தாள். என் ஓரகத்தி தன் தம்ளரைக் கையால் மூடி, வேண்டாம் என்றாள்.

பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. என்னிடம் திரும்பினாள். "பாருங்க சின்னம்மா, இந்த வீட்டுக்கு வந்தா அம்மா என் கையால ஒரு வாய் மோர் குடிக்கமாட்றாங்க. அங்கேருந்து குடுத்துவிட்ட உறைதான், இன்னும் விடாம வச்சிருக்கேன். நான் என்ன கொற வச்சேன்னு கேட்டா சொல்லவும் மாட்றாங்க."

என் ஓரகத்தி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்துவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. என் வாசலில் சொம்போடு நின்ற அன்றுகூட அவள் அப்படிக் கெஞ்சவில்லை.

"அம்மாவுக்கு வயித்துக்கு ஒத்துக்காது போலம்மா" என்றேன். என் தம்ளரை ஒரே மூச்சில் குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி நீட்டினேன். அதை என் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தேன்.