மச்சானை வைத்து விலை பேசிய பழைய பைக்

ஊர் ஊராகச் சுற்றுவதற்கு ஒரு பெரிய பைக் வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. அந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும். கையில் அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. “அதுக்கு மேல ஒரு ரூவா போச்சுன்னா அந்த வண்டியிலயே படுத்துக்கோங்க” என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு கணக்கு வாத்தியார் தன் வண்டியை எழுபத்தைந்தாயிரம் சொல்லியிருந்தார். முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, நான் கனவில் கண்ட அதே வண்டி. ஓடியது தொண்ணூற்றெட்டாயிரம் கிலோமீட்டர். அந்த ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லியே பதினைந்தாயிரம் குறைத்துவிடலாம் என்பது என் திட்டம். எனக்கு விலை பேச வராது. கத்தரிக்காய்க்காரரிடமே தோற்றுவிட்டு நன்றி சொல்லி வருகிறவன். ஆகவே மனைவியின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அவர் காரிலேயே போனேன். நாமக்கல்லில் மூன்று லாரி வைத்திருப்பவர். எதைக் காட்டினாலும் குறை சொல்வார். நான் பெண் பார்க்கப் போனபோதே என்னையும் சொன்னவர்.

மச்சான் கையோடு கொண்டுவந்த இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, லாரிக்குக் கேட்பதுபோல் காது கொடுத்துக் கேட்டார். வாத்தியாருக்கு முகம் வெளுத்தது.

“ஓட்டந்தானுங்க கொஞ்சம் சாஸ்தி” என்றார் மெல்ல.

இதற்காகத்தானே காத்திருந்தேன். முகத்தில் கவலையை வரவழைத்து வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

“எது சாஸ்தி? தொண்ணூத்தெட்டாயிரமா? எங்க லாரி ஒரு வருசத்துல ஓடிப்போடுமுங்க. இதெல்லாம் பால் பல்லு உழுகாத புள்ளைங்க.”

அவர் காலை மிதித்தேன்.

“ஏன் மாப்ள மிதிக்கறீங்க?”

வாத்தியார் நிமிர்ந்தார். மச்சான் எஞ்சினைக் கிளப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். “தையல் மிசினாட்ட இருக்குது. இத விக்கறவனுக்குப் புத்தி பெரண்டிருக்கோணும்.”

வாத்தியார் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நான் விக்கிலீங்க.”

என் கனவு அந்தச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. மச்சான் மட்டும், “சரியான முடிவுங்க” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்போது உள்ளேயிருந்து காபியோடு வந்த வாத்தியாரம்மா டம்ளர்களைத் திண்ணைமேல் வைத்தார். “விக்கிலியா? ஞாயித்துக்கெழமயானா இதுக்குத்தான் ஷாம்பு. எந் தலைக்கு ஒரு பாக்கெட்டு வாங்கித் தந்திருப்பீங்களா? ஏனுங்க சாமி, நீங்க எவ்வளவு கொண்டாந்தீங்க?”

“அறுபதுங்க” என்றேன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

“ஓட்டிட்டுப் போங்க.”

வாத்தியார் வாயைத் திறந்தார். அம்மா திரும்பிப் பார்த்தார். வாய் மூடியது, சாவி வந்தது.

காகிதங்களில் கையெழுத்தானதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பாதி சந்தோஷம், பாதி வண்டியின் உயரம். கிளம்பும்போது பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். வாத்தியார்.

“மல்லூர் வரைக்கும் வாரனுங்க. பழக்கமில்லாம ஓட்டுனா இது கோவிச்சுக்கும்.”

சேலம் நெரிசல் முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினார். கிளட்சை உடாதீங்க. மூணாவது போடுங்க. அந்தப் பஸ்ஸை நம்பாதீங்க. மல்லூரில் இறங்கி, வண்டியைத் தட்டிக் கொடுத்து, “பரவால்ல, தேறிட்டீங்க” என்றார். கணக்கு வாத்தியார் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

பிறகு நான் மட்டும், நெடுஞ்சாலை மட்டும். ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். நாமக்கல்லில் வீட்டுக்குத் திரும்பும் இடம் வந்தது. இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாமே என்று நேராகவே விட்டேன். பின்னால் காரில் மச்சான், லாரிக்கு அடிப்பதுபோல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.