நார்மல் என்று சொன்னது நான்தான்

போன ஓணம் விடுமுறையில் ஒரு நாள் காலை, திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குக் கிளம்பினோம். கார் ஓட்டியது என் கணவர். பின் இருக்கையில் நானும் என் தங்கையும். மலை ஏறுவதற்கு முன்னால் கல்லாற்றில் டீ குடிக்க நிறுத்தினோம். தங்கை இறங்கி இரண்டு எட்டு வைத்தாள். அவ்வளவுதான், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது.

"எக்கா, உள்ள என்னமோ பொட்டித் தெறிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டேன். அவள் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைவிட, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்றும் தெரியும்.

அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரியான திசு, கருப்பைக்கு வெளியே வளரும் நோய். இடது பக்கத்துச் சினைப்பையில் ஒரு கட்டியும் இருந்தது. டாக்டர் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தார். வலி குறைந்தது. கூடவே மாதவிடாயும் நின்றுபோனது. நிற்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். நாளைக்கு ஒரு குழந்தை உண்டாகாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குத்தான் தூக்கம் போனது.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். எங்கள் ஜாதியே தனி. வீட்டில் ஒருவர் தும்மினால் போதும், கையைப் பிடித்து ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிடுவோம். டாக்டர் சீட்டாவது ஒன்றாவது! அப்படித்தான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தங்கையை வரச்சொல்லி, ரத்தம் எடுத்து, நானே மெஷினில் வைத்து ஈஸ்ட்ரோஜன் அளவு பார்த்தேன். நார்மல்.

"ஏட்டி, ஹார்மோன் எல்லாம் சரியாத்தான் இருக்கு. பொறவு எதுக்கு ஹார்மோன் மாத்திரை? நிறுத்திப் போடு. நான் சொல்லுகேன்லா" என்றேன்.

டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமா என்று இழுத்தாள். நான் கேட்க விடவில்லை. நிறுத்தினாள். இரண்டு மாதத்தில் வலி திரும்பி வந்தது. "ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையே, கல்யாண டென்ஷனா இருக்கும்" என்று அதற்கும் நானே காரணம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். நானும் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஆயிரம் பேரெல்லாம் எதற்கு, கூடப்பிறந்தவள் ஒருத்தி போதாதா?

கல்லாற்றிலிருந்து திரும்பினோம். விதுரை தாண்டி நெடுமங்காடு வரைக்கும் வளைவுக்கு வளைவு அவள் முனகினாள். தலை என் மடியில். விடுமுறைக் கூட்டம் எதிரே மலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். எண்ண ஆரம்பித்தால் பாதியில் எண்ணிக்கை தப்பும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். என் கணவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பகவதியம்மா, இவளை மட்டும் காப்பாத்திக் கொடு என்று வாய்விட்டே அழுதேன்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி முன்பைவிடப் பெரிதாகி, வெடித்திருந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவே வந்தார். மலையாளி. எங்களோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "மருந்து ஒழுங்கா கழிச்சு, நாள் தவறாம சாப்பிட்டுட்டு இருந்ததல்லே?" என்று தங்கையைக் கேட்டார்.

"ஆமா டாக்டர். நடுவில ஒண்ணு ரெண்டு நாள் மறந்திருப்பேன்" என்றாள் அவள், அந்த வலியிலும் என் பக்கம் திரும்பாமல்.

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பொய் சொன்னாள். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டாக்டரம்மா யோசித்தார். மருந்துக்கும் அடங்காத கட்டி என்றால் வேறு மாதிரி முடிவெடுக்க வேண்டிவரும், சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்பதையும் உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. ஓடிப்போய் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், அவ மறக்கல. நாலு மாசமா மாத்திரையே போடல. நான்தான் நிறுத்தச் சொன்னேன். ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் நார்மலா இருந்துது."

அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சேச்சி, அந்தத் திசு தனக்கு வேணுங்கிற ஈஸ்ட்ரோஜனை அங்கேயே, தானே உண்டாக்கிக்கிடும். அதனால வீக்கம் கூடும். வீக்கம் கூடினா இன்னும் அதிகமா உண்டாக்கும். ரத்தத்துல அது தெரியணும்னு இல்ல. அடுக்களைல அடுப்பு எரியுதான்னு ரோட்டுல நின்னு வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்தா தெரியுமா? அந்த அடுப்பைத் தணிச்சு வைக்கத்தான் மாத்திரை. இப்பவாவது சொன்னது நல்லது. பேடிக்கண்டா, பயப்படாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக ரோட்டில் நின்றே தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. இரண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வாங்கிவந்த காப்பி கையிலேயே ஆறிப்போனது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

கடைசியில் டாக்டரம்மா வந்து, கட்டியை மட்டும் எடுத்தாயிற்று, சினைப்பை தப்பித்தது என்றார். கும்பிடக் கையைத் தூக்கினேன். கையில் இருந்ததை மறந்த காப்பி முழுக்கப் புடவையில் கொட்டியது.

மறுநாள் தங்கையிடம், "ஏன்டி பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ அழுதா எனக்குப் பாக்க வயாதுக்கா, மனசு தாங்காது" என்றாள்.

தை மாதம் சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. அந்த ரிப்போர்ட்டை நான் கிழிக்கவில்லை. லேபில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதிலுள்ள எண் இன்றைக்கும் சரியான எண்தான். ஆனால், 'நார்மல்' என்று வந்த தாளை ஒரு பெண்ணிடம் நீட்டும்போதெல்லாம், வலியோடு வாய் மூடியிருந்த என் தங்கை ஞாபகம் வந்து, "உனக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளிலிருந்து கையை எடுக்கிறேன்.