மூட்டையோடு உள்ளே வரக் கூடாது

எர்மெலிந்தா அந்தப் பூங்காவுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். அவள் மட்டும் தெருவைக் கடந்து, நாட்டின் விடுதலை வீரர் பொலிவர் வெண்கலக் குதிரைமேல் வீற்றிருக்கும் பீடத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்காருவாள். கணவன் அபெலார்தோ உயிரோடு இருந்த காலத்தில் ஒரே ஒருமுறை, "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டான். "காத்து" என்றாள். தரைக்கு ஓடு பதிக்கும் கொத்தன் அவன். அதிகம் கேட்கிறவன் இல்லை.

மலையில் காப்பித் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் துணி தேய்க்கும் வேலைக்கு நகரத்துக்கு வந்தவள். அங்கே அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் ரொசெந்தோவோடு பழகினாள். ராணுவ ஜெனரல் ஒருவரின் சர்வாதிகார ஆட்சி நடந்த நாட்கள் அவை. ரொசெந்தோ துண்டுப் பிரசுரம் அச்சடித்தான் என்று போலீஸ் தேடியது. அவன் தலைமறைவானான். ஒரு சனிக்கிழமை, நண்பன் ஒருவன் மூலம் சேதி வந்தது: நாளை நண்பகல் மணி அடிக்கும்போது குதிரைக்குக் கீழே வா, உன்னிடம் தேய்க்கக் கொடுத்த என் துணிகளையும் உன் துணிகளையும் கட்டி எடுத்துக்கொண்டு வா, இரண்டு பேருமாக எல்லை தாண்டிக் கொலம்பியாவுக்குப் போய்விடலாம்.

அவள் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிட்டாள். பூங்கா வாசலில் காவலர் மறித்தார்.

"மூட்டையோட உள்ள வரக் கூடாதும்மா. நாட்டையே மீட்டவரு நிக்கிற இடம். சந்தைன்னு நெனச்சியா?"

அது அவளுக்குத் தெரியாததல்ல, ஊருக்கே தெரிந்தது. கோட்டு போடாத ஆண் அந்தப் பூங்காவைக் குறுக்கே கடக்க முடியாது. பொட்டலம் தூக்கியவர் வெளியே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பயத்தில் மறந்திருந்தாள். வாதாடினால் மூட்டையைப் பிரிக்கச் சொல்வார்; பிரித்தால் ஆண் சட்டைகள் இருக்கும். மூட்டையைக் கொடுத்து வைக்க மருந்துக் கடைக்கு ஓடினாள், பூட்டியிருந்தது. கோயில் பணியாளனைத் தேடிப் பிடித்து மூட்டையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. குதிரைக்குக் கீழே யாரும் இல்லை. இருட்டும் வரை நின்றாள்.

ஆட்சி கவிழ்ந்து சிறைகள் திறந்தபோது வெளியே வந்தவர்களில் அவன் இல்லை. எல்லைக்கு அப்பால் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஆற்றில் பிணமாகப் பார்த்ததாக இன்னொருவர். அவன் அன்று வரவே இல்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவின்மேல்தான் கல்யாணம் செய்து, இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தாள்.

ஆனால் அவள் வந்து உட்காரும் ஞாயிறுகளில், பீடத்தின் மறுபக்கம், குதிரையின் நிழல் விழும் இடத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓர் ஆள் முதுகு காட்டி நிற்பான். எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். எப்போதும் நண்பகல் வெயிலில்தான். யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

காலம் போகப் போகக் கட்டுப்பாடு தளர்ந்தது. இப்போது பீடத்தில் சாய்ந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள். ஓய்வு பெற்ற காவலர் நிக்கானோர் மட்டும் இன்றும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து எல்லோரையும் முறைப்பார். சோமாசி போன்ற எம்பனாடாவைக் கூடையில் விற்கும் தொமித்திலாவுக்கு அவரைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

"சார்ஜென்ட் ஐயா, அங்க பாருங்க, ஒருத்தன் அரைக்கால் சட்டையோட போறான். குதிரை வெட்கப்பட்டுக் கண்ண மூடிக்கிச்சு!"

"சிரி, சிரி. என் காலத்துல உன் கூடையே உள்ள வந்திருக்காது."

"ஆமா, பெரிய கோட்டை!"

"கோட்டைதான். ஒருநாள் ஒருத்தன் வந்தான், கேளு. நல்ல கோட்டு, பளபளன்னு பூட்ஸ். தொப்பியக் கழட்டிப் பொலிவருக்கு வணக்கம் சொன்னான். அப்புறம் எங்கிட்ட வந்து, 'மூட்டையோட ஒரு பொண்ணு வந்தாளா'ங்கறான். எங்கிட்டயே கேக்கறான்! 'நான் இருக்கறப்ப இதுக்குள்ள மூட்டை எப்படிய்யா வரும்'னேன்." நிக்கானோர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த எர்மெலிந்தா அவர் பக்கம் திரும்பினாள்.

"அவர் என்ன சொன்னாரு?"

"என்னத்த சொன்னான்... 'அப்ப அவ வரல'ன்னான். கொஞ்ச நேரம் குதிரையையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் ஆத்துச் சாலைப் பக்கமா போயிட்டான்."

"யாராவது பின்னால போனாங்களா? முகம் எப்படி இருந்துச்சு?"

"முகத்த யாரும்மா பாத்தா? நான் பூட்ஸத்தான் பாத்தேன்."

அவள் எழுந்தாள். "என்னக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சே?" என்றாள் தொமித்திலா.

குதிரையின் நிழலில் அவன் நின்றுகொண்டிருந்தான். இதுவரை ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்க்கத்தான் விரைவாள். இம்முறை சுற்றிப் போகவில்லை. கையெட்டும் தூரத்தில், அந்த முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"வந்தேன்," என்றாள். "உனக்கு முன்னாடியே வந்தேன், ரொசெந்தோ. உள்ள விடல."

அவன் திரும்பவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் தின்பவர்களுக்கு நடுவே அவசரமில்லாமல் நடந்தான். வாசலில் ஒரு பேருந்து குறுக்கிட்டது. அது நகர்ந்தபோது வெறும் தெருதான் இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டானா, கேளாமலே போனானா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எர்மெலிந்தா தெருவைக் கடக்கவில்லை.

"அக்கா, பூங்கா இந்தப் பக்கம்!" என்று தொமித்திலா கூவினாள்.

காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எர்மெலிந்தா ஆற்றுச் சாலையில் இறங்கினாள்.