உப்புக் காற்று எந்தக் கப்பலில் வந்தது?

போன வாரம் ஃபெர்ரியில் எனக்கு முன்னால் நின்றிருந்த இருவர் பேசிக்கொண்டது இது.

"சாந்தி அக்கா துகான் பந்த் ஹோ கயா க்யா?"

"மூடிட்டாங்க போல. போர்டே பிஞ்சு தொங்குது பாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யார் சொன்னது? கடை திறந்துதான் இருக்கு. நானே அங்கதான் சாப்பிடப் போறேன்!" என்று கத்தியேவிட்டேன். பாதி ஃபெர்ரி திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தமானில் எனக்கு வீடு ஹேடோவில், வேலை கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில். காலை டிபன் சாந்தி அக்கா கடையில். அக்கரையில் ஃபெர்ரி அணையும் ஜெட்டி வாசலில் இருந்த அந்தக் கடையை ஓனர் திருப்பிக் கேட்டுவிட்டதால், அக்கா பின்னால் ஒரு சந்துக்குள் மாற வேண்டியதாயிற்று. ஃபெர்ரியை விட்டு இறங்கி ஆபீசுக்கு ஓடுகிறவர் சந்து சந்தாக இட்லி தேடுவாரா?

நல்லவேளை, புதுக் கடையின் பக்கச் சுவர் கடலைப் பார்த்தபடி இருந்தது. ஃபெர்ரி கரையை நெருங்கும்போதே கண்ணில் படும். ஆவி பறக்கும் இட்லி, கடைப் பெயர், சந்துக்கு வழிகாட்டும் பெரிய அம்பு... வினைல் ஸ்டிக்கராகப் பிரிண்ட் செய்து ஒட்டிவிட்டால் போதும். அக்காவின் பிழைப்பு மொத்தமும் அந்தச் சுவரை நம்பித்தான் இருந்தது.

அபர்டீன் பஜாரில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் குமாரிடம் போனார். (பெயரை மாற்றியிருக்கிறேன். எனக்கும் நாளைக்குப் பஜாருக்குப் போக வேண்டுமே!) அவர் ஒரு ரோலைத் தட்டிக் காட்டினாராம். "மெயின்லேண்ட் மால் அக்கா. இப்பத்தான் கப்பல்ல இறங்கிச்சு. ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

மெயின்லேண்ட் மால்! இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் நாம் என்றைக்காவது கேள்வி கேட்டிருக்கிறோமா? வெளிச்சுவருக்கு ஆனதா, ஹாலுக்குள் ஒட்டுவதா, வெயில் தாங்குமா – மூச்! பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்த சரக்கல்லவா, கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு மழைக்கு நடுவே குமாரின் ஆட்கள் வந்தார்கள். அது டிஸ்டெம்பர் அடித்த சுவர். தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். பழைய துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஈரம்கூடக் காயவில்லை. பின்தாளை உரித்தார்கள், ஒட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் சுவர் ஜொலித்தது என்னவோ உண்மை.

கொஞ்ச நாளில் ஓரம் சுருண்டது. பிறகு இட்லி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. பெயர் காற்றில் படபடத்தது. கடைசியில் அம்பு பாதி உரிந்து தொங்கி, நேராகத் தரையைக் காட்டியது. கிழிந்த போர்டைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? கடை போய்விட்டது என்றுதான்.

அன்று கடைக்குப் போனபோது அக்கா மாவுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"பாதி மாவு புளிச்சுப் போகுதும்மா. பழைய ஆளுங்க யாரும் வர்றதில்ல. இப்படியே போனா கடையை எடுத்துட வேண்டியதுதான்."

"குமார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'க்யா கரேன் அக்கா, அந்தமான் ஹை. ஹவால உப்பு இருக்கு'ன்னுட்டாரு. நெசந்தானே?"

என்ன நிஜம்? உப்புக் காற்று இந்தக் கப்பலில்தான் வந்து இறங்கியதா? குமார் கடை வைக்கும் முன்பே அது இங்கே வீசிக்கொண்டிருந்ததே! புது ரோடு பெயர்ந்தால் அந்தமான் ஹை – இது அந்தமான், அப்படித்தான்! புதுக் கூரை ஒழுகினால் அந்தமான் ஹை. யார் அரைகுறையாகச் செய்தாலும் பழி இந்தத் தீவின் தலையில். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை அக்காவை இழுத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். குமார் அதே காற்று, அதே உப்பு என்று ஆரம்பித்தார். நான் தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். அவர் கடை போர்டு! வெயிலும் மழையும் நேராக அறைகிற இடம். கடை திறந்த நாளிலிருந்து அதே வினைல். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.

"உங்க போர்டு மேல மட்டும் எந்த ஊர்க் காத்து அடிக்குது?"

குமார் நெளிந்தார். பிறகு கொட்டினார்.

"அது அவுட்டோர் வினைல் மேடம். மேல லேமினேஷன் இருக்கு. அலுமினிய ஷீட்ல ஒட்டி மாட்டினது. டிஸ்டெம்பர் சுவத்துல எதுவும் நிக்காது. ஒரு செல்லோடேப்பை ஒட்டி இழுத்தாலே தெரிஞ்சிடும். டேப்போட பெயிண்ட் வந்துச்சுன்னா, வினைலும் வந்துடும்."

கேட்டீர்களா கதையை? அத்தனையும் தெரிந்திருக்கிறது! தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்துத் தொலைத்திருப்பேன்.

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"கோயி பூச்தா நஹீ மேடம். இங்க யாரும் இதெல்லாம் கேக்க மாட்டாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"தம்பி, நீங்க என் கடைக்கு சாப்பிட வர்றீங்க. புளிச்சுப் போன மாவுல இட்லி ஊத்தி வெச்சுட்டு, 'நீங்க கேக்கலையே, அந்தமான் ஹை'ன்னு சொன்னா தின்னுட்டுப் போவீங்களா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "புதுசா மாட்டித் தர்றேன் அக்கா" என்று குமார் அளவு எழுதும் நோட்டை எடுத்தார்.

இந்த வாரம் புது போர்டு வந்தது. அலுமினிய ஷீட், அவுட்டோர் வினைல், லேமினேஷன், ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. மாட்டுவதற்கு முன் அக்கா ஒவ்வொரு ஓரத்தையும் நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

நேற்று ஃபெர்ரி கரையை நெருங்கும்போது அதே இருவர். "அரே, அக்கா கடை இருக்குய்யா!" என்று எனக்கு முன்னால் குதித்து இறங்கி, அம்பு காட்டிய சந்துக்குள் ஓடினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சட்னி தீர்ந்திருந்தது. "நாளைக்கு இன்னும் ஜாஸ்தி அரைக்கணும்" என்றார் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. முதல் முறையாகச் சட்னி இல்லாத இட்லியை நான் சண்டை போடாமல் சாப்பிட்டேன்.

கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை. என் கைப்பையில் இப்போது ஒரு செல்லோடேப் இருக்கிறது. சுவரைச் சோதிக்க அல்ல... அடுத்து என்னிடம் 'அந்தமான் ஹை' என்று ஆரம்பிக்கிற வாயில் ஒட்ட!