நஞ்சப்பனுக்கு வராத ‘நீ’

மடையை மண்வெட்டியால் அடைத்துவிட்டு, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நஞ்சப்பன் கைப்பேசியை வாயருகே பிடிப்பார். “சாப்புட்டீங்களா?” உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அதை ஜெர்மன் மொழியில் சொல்லும்: “ஹாபென் ஸீ கெகெஸன்?” அவர் திருப்பிச் சொல்வார். ‘கெகெ’ என்ற இடத்தில் தொண்டை இடறும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

பக்கத்து வயலில் களை பறிக்கும் மருதாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். “ஏனுங்ணா, தொண்டையில முள்ளு சிக்கிருச்சுங்களா?”

“சிரிங்க, சிரிங்க. என்ற பேத்தி பேசற பாசைங்க இது.”

நல்லேப்பிள்ளியில் அறுபது தாண்டிய விவசாயி அவர். பள்ளியில் கற்றது தமிழ். மலையாளம், வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் வரிசையில் நின்று நின்று வந்தது. ஜெர்மனுக்கு அப்படி நிற்க ஓர் இடம் ஊரில் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஆகையால் ஊரில் எந்தக் கைப்பேசி முரண்டு பிடித்தாலும் என்னிடம்தான் வரும். மொழிபெயர்க்கும் செயலியை நான் ஏற்றிக் கொடுத்தேன். முதல் வாரம் “சாப்புட்டீங்களா சாமி” என்று அவர் கொஞ்ச, செயலி சாமியைக் கடவுளாக்கிவிட்டது. “கடவுளு சோறு தின்னாச்சான்னு கேட்டுப்போட்டனா நானு?” என்று சிரித்தார். மகள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மகள் பிரதீபா ஜெர்மனியில் நர்ஸ். குமுளி எஸ்டேட் பையன் ரிஜினைக் கட்டிக்கொண்டு போனவள். உறைபனிச் சாலையில் கார் வழுக்கி இறந்துபோனாள். அங்கேயே எரித்தார்கள். நஞ்சப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. மிச்சம் இருப்பது பேத்தி லேனா. ஐந்து வயது, ஜெர்மன் மட்டுமே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள், மனம் இருந்தால்.

எங்கள் வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதால் இங்கே வந்துதான் பேசுவார். போன மாதம் ஒரு ஞாயிறு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்து கேட்டார்: “ஹாபென் ஸீ கெகெஸன்?” இடறவே இல்லை. குழந்தை அவரை உற்றுப் பார்த்தாள். திரும்பித் தகப்பனிடம் ஏதோ சொன்னாள். ரிஜின் திரைக்குள் வந்தான்.

“மாமா, இந்த ஆபீஸ்காரர் எதுக்கு நம்மளக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காருன்னு கேக்கா. நீங்க ‘ஸீ’ போடுதீங்க. அது ‘நீங்க’. வெளி ஆளுககிட்ட சொல்லுதது. பிள்ளைய ‘டூ’ன்னு சொல்லணும், ‘நீ’ன்னு. தெரியாதவங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு ஸ்கூல்ல வேற சொல்லியிருக்காங்க. பயப்படுதா மாமா. அடுத்த வாரமும் இப்படின்னா நான் அவள உக்கார வைக்க மாட்டேன்.”

அவர் போட்ட ‘ங்க’வைச் செயலி அப்படியே மரியாதையாக்கிக் கொடுத்திருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. நஞ்சப்பன் எருமைக் கன்றிடமே “தள்ளி நில்லுங்க” என்பவர். நான் அரைக்கால் சட்டையில் திரிந்தபோதும் அவருக்கு “வாங்க மாப்ள”தான்.

“ஒரே எழுத்துங் மாமா. சொல்லிப்போடுங்க” என்றேன்.

“பெத்த மகளத் தொட்டில்லயே ‘தூங்குங்க சாமி’ன்னவனுங்க நானு.” சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். “ஒருக்காச் சொன்னனுங்க. அந்தப் பையனக் கட்டிக்கறம்னு அவ பேச்ச எடுத்தப்ப. ‘நீ போ’ன்னேன். போயிட்டா.”

அந்த வாரம் “சாப்பிட்டியா?” என்று செயலியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது தந்த “ஹாஸ்ட் டூ கெகெஸன்?” என்பதை அவர் வரப்பு வரப்பாக முணுமுணுத்துத் திரிந்தார். ‘டூ’ வரும்போது மட்டும் குரல் உள்ளே போய்விடும். மருதாத்தாள் இப்போது கேலி செய்யவில்லை. “சொல்லீருங்ணா. அந்தப் புள்ளையையும் உட்டுப்போட்டு என்ன பண்ணுவீங்க?”

ஞாயிறு வந்தது. லேனா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் தோளில் ரிஜினின் கை. “சொல்லுங்க மாமா.”

நஞ்சப்பன் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஹாஸ்ட் டூ கெகெஸன்?” என்றார். செயலியின் பெண்குரலைப் போல அவ்வளவு சுத்தம். குழந்தையின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இன்னொரு முறை சொன்னார், இன்னும் மெதுவாக.

“கேக்கல மாமா. இங்க ஒண்ணுமே கேக்கல” என்றான் ரிஜின்.

குனிந்து பார்த்தேன். திரையின் அடியில் மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. அவருடைய கட்டைவிரல் அதன்மேல்தான் இருந்தது.

லேனா நாற்காலியிலிருந்து இறங்கத் தொடங்கினாள். மைக்கைத் திறக்க நான் கை நீட்டினேன். நஞ்சப்பன் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.