மூன்றரை நட்சத்திரத்துக்குக் குறையாமல்

இசை ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவளை இந்த ஊரில் இரண்டே பேர்தான் மதிக்கிறார்கள்: அடுத்த வாரம் ஆல்பம் வெளியிடப் போகிறவர், அப்புறம் அவருடைய அம்மா. ஆல்பம் வந்த மறுநாள் அந்த இரண்டு பேரும் மனசு மாறிவிடுவார்கள்.

பெங்களூரில் ஒரு இணைய இதழில் எனக்கு இதுதான் வேலை. கர்நாடக சங்கீதம், ராப், மெட்டல், பக்திப் பாடல், எந்த வகை என்று பாடினவருக்கே தெரியாத பாட்டு, எது வந்தாலும் என் தலையில்தான் விழும். உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரியாமல் இருக்காது. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர், “நான் ஒரு ஆல்பம் போட்டிருக்கேன், கேட்டுட்டு சொல்லுங்க” என்று லிங்க் அனுப்பியிருப்பார். நீங்கள் அதைத் திறக்காமலே “சூப்பர்” என்று பதில் போட்டிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தையில் முடிந்துபோகிறது. நான் அதையே ஒரு பக்கத்துக்கு எழுதவேண்டும். கீழே என் பெயரை வேறு போட்டுவிடுவார்கள்.

நட்சத்திர சாஸ்திரம்

சேர்ந்த புதிதில் ஒரு காதல் பாட்டு ஆல்பம் வந்தது. எல்லாப் பாட்டிலும் மழை பெய்தது. எல்லா மழையிலும் ஒரு பெண் குடையில்லாமல் நின்றாள். கடைசிப் பாட்டில் அவளுக்கு ஜுரம் வந்திருந்தால் ஒரு கதையாவது கிடைத்திருக்கும், அதுவும் வரவில்லை. இரண்டு நட்சத்திரம் போட்டு அனுப்பினேன்.

எங்கள் ஆசிரியர் மோகன் சார் கூப்பிட்டு உட்காரவைத்தார். திருநெல்வேலிக்காரர், கோபமே வராது, அதுதான் அவரிடம் பயம். பொறுமையாக விளக்கினார். நமக்கு விளம்பரம் கொடுக்கிறவர்களுக்கு நாலு. கொடுக்கக்கூடும் என்று தோன்றுகிறவர்களுக்கு மூன்றரை. மூன்று போட்டால் சண்டைக்குப் போகிறோம் என்று அர்த்தம். ஐந்து யாருக்கு என்று கேட்டேன். அதை அவரும் மேலிடமும் பார்த்துக்கொள்வார்களாம். அப்படியானால் ஒன்றும் இரண்டும் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். என் அறியாமை அவருக்கு வருத்தமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது.

“அது வரிசை நிறையணுமேன்னு வெச்சிருக்கோம்மா. எடுத்துட்டா மூணு நட்சத்திரம்தான் நிக்கும், பார்க்க லாட்ஜ் மாதிரி இருக்கும்.”

திட்டு புரியாத அப்பா

ஆஸ்டின் டவுனில் ஒரு மெட்டல் இசைக்குழு. ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள் என்று போனேன். தையல் கடைக்கு மேலே ஒரு அறை. கறுப்புச் சட்டை, முதுகு வரைக்கும் முடி, கையெல்லாம் மண்டை ஓடு பச்சைகுத்தல். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “காபிக்கு சக்கரை போதுமாக்கா?” என்று கேட்டார்கள். பாடகர் ஜெரால்டு ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். அடுத்த அரைமணி நேரம் யாரோ ஒரு எருமையைக் கிணற்றுக்குள் இறக்கிக் கேள்வி கேட்பதுபோல இருந்தது.

விமர்சனத்தில், வார்த்தை ஒன்றுகூட விளங்கவில்லை, கோபம் மட்டும் துல்லியமாக விளங்கியது, அந்தக் கோபம் உண்மையானது என்று எழுதினேன். வழக்கமான மூன்றரை. வாரக் கடைசியில் ஜெரால்டு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து மோகன் சார் கழிப்பறைக்குப் போய்விட்டார். ஜெரால்டு பேசியதோ குனிந்து கேட்டால்தான் காதில் விழும் அளவுக்கு. அந்த ஆல்பம் முழுக்க அவருடைய அப்பாவைப் பற்றியதாம். சின்ன வயதில் பெல்ட்டால் அடித்தது, கிடாரை உடைத்தது, காலேஜில் பிடிக்காத படிப்பில் சேர்த்தது, ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். நேரில் சொல்ல தைரியம் இல்லாததால் பாட்டு. அந்த அப்பா என் விமர்சனத்தைப் படித்திருக்கிறார். பையன் பெயர் இதழில் வந்ததில் குளிர்ந்துபோய்விட்டார்.

“சாயங்காலம் ஆனா ஸ்பீக்கர்ல போட்டுட்டு வாசல்ல உக்காந்துக்கறாருக்கா, வர்றவங்களை எல்லாம் நிறுத்தி எம்பையன் பாடினதுன்னு சொல்றாரு. அடுத்த ஆல்பத்துல தெளிவா பாடறதா வேணாமான்னு இப்ப எனக்கே தெரியல.”

முதிர்ச்சி

ஜெயநகரில் பாட்டு வகுப்பு நடத்தும் ஒரு பாடகி தன் முதல் கர்நாடக சங்கீத ஆல்பத்தை அனுப்பினார். நிஜமாகவே நன்றாக இருந்தது. இந்த வேலையில் அப்படி நடப்பது அபூர்வம் என்பதால் நான் கொஞ்சம் தாராளமாகிவிட்டேன். குரலில் முதிர்ச்சி, ராகத்தைக் கையாள்வதில் முதிர்ச்சி, ஆர்ப்பாட்டம் இல்லாத முதிர்ச்சி என்று எழுதித் தள்ளினேன். மறுநாள் காலை போன். நன்றி சொல்லப் போகிறார் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். “என் வயசு தெரியணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே” என்றார்.

அது வயதைப் பற்றியது இல்லை, பாராட்டு என்று விளக்கினேன். அவருடைய மாணவிகளின் அம்மாக்களுக்கு நான் போய் விளக்குவேனா என்று கேட்டார். கடைசியில் இணையத்தில்தானே இருக்கிறது, மாற்றிவிடலாம் என்று மோகன் சாரே உட்கார்ந்து எல்லா இடத்திலும் “முதிர்ச்சி”யை எடுத்துவிட்டு “பக்குவம்” என்று போட்டார். ஒரு மணி நேரத்தில் மறுபடி போன்.

“முதிர்ச்சின்னா அம்பதுன்னு நினைப்பாங்க. பக்குவம்னா அறுபது. நீங்க பழையபடியே போட்டுடுங்க.”

சில்க் போர்டு தியானம்

ஒரு மென்பொருள் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு இசைக்கு வந்திருந்தார். இந்த ஊரில் மென்பொருள் வேலையை விட்டவர்கள் ஒன்று ஃபில்டர் காபி கடை வைப்பார்கள், இல்லை இப்படி வருவார்கள். ஆல்பத்தின் பெயர் “சிக்னல் தியானம்.” வாத்தியம் கிடையாது, குரல் கிடையாது. சில்க் போர்டு சிக்னலில் நின்று பதிவு செய்த ஹார்ன் சத்தம், பஸ் பிரேக் பிடிக்கும் சத்தம், யாரோ யாரையோ கன்னடத்தில் வைவது, நடுநடுவே ஒரு மணியோசை. நகரத்தின் மூச்சைக் கேட்கிறோம் என்று கூடவே ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார். ஸ்பீக்கரில் போடக்கூடாதாம், நல்ல ஹெட்போனில்தான் கேட்கவேண்டுமாம்.

கேட்க நேரம் கிடைக்காமல் ஒரு நாள் வாடகைக் காரில் போகும்போது ஆரம்பித்தேன். போன வழியும் சில்க் போர்டுதான். வண்டி அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் எது ஆல்பம், எது ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன், அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, பாட்டு சரியில்லையா என்று விசாரித்தார். பாட்டே இதுதான் என்று சொல்லி, கொஞ்சம் கேட்கக் கொடுத்தேன். மரியாதையாகக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கண்ணாடியை இறக்கிவிட்டா இது சும்மாவே வருமே மேடம்.”

நல்ல பெயர் வாங்கிக் கெட்டவர்

தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற அத்திபெலேயிலிருந்து ஒரு ராப் பாடகர், பெயர் சதீஷ். “டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம்” என்று ஆல்பம். ஒரு வரி தமிழ், ஒரு வரி கன்னடம், அடுத்தது தெலுங்கு, திட்டுவதற்கு மட்டும் உருது. லாரி ஆபீஸ், ஃபேக்டரி ஷிஃப்ட், தமிழ்நாட்டில் கன்னடக்காரன் என்றும் கர்நாடகத்தில் தமிழன் என்றும் பார்க்கப்படுகிற எரிச்சல் எல்லாம் அதில் இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், மோகன் சாரிடம் சண்டை போட்டு நாலு நட்சத்திரம் வாங்கிக் கொடுத்தேன். அவர் விளம்பரம் கொடுக்கிற ஆள் இல்லையே என்று மோகன் சார் அன்று முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தார்.

சதீஷ் போனில் கூப்பிட்டார். குரலே உடைந்திருந்தது. ராப் உலகத்தில் ஒரு சம்பிரதாயம் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாராவது மட்டமாக எழுதினால், எழுதினவரைக் கிழித்து ஒரு பாட்டு போடவேண்டும். அதுதான் பரவும். நான் கண்டிப்பாகக் கிழிப்பேன் என்று நம்பி, என்னைத் திட்டி ஒரு பாட்டை முன்னாடியே எழுதி, ஸ்டூடியோவில் பாடி, வீடியோவுக்கு ஒரு பழைய குடோன்கூடப் பேசி வைத்துவிட்டாராம். என் பெயருக்கு எதுகை கிடைக்காமல் எவ்வளவு சிரமப்பட்டார் என்பதையும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“இப்ப சொல்லி என்ன பண்றதுக்கா. ஒரு ரெண்டு நட்சத்திரம் போட்டிருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்.”

கீழ் வீட்டு ஆல்பம்

நாங்கள் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் பீட்டர் சார், அவர் மனைவி ரீட்டா ஆன்ட்டி. பீட்டர் சார் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். என் கணவர் சிவாவின் ஆபீசும் மகளின் பள்ளிக்கூடமும் பக்கம். இந்தப் பக்கத்தில் எங்கள் வசதிக்கு இன்னொரு வீடு கிடைக்காது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பீட்டர் சார் ஆல்பம் போட்டார்.

என்னிடம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி நழுவியிருப்பேன். அவர் நேராக மோகன் சாருக்கு அனுப்பிவிட்டார். வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று மன்றாடினேன். சர்ச்சுக்குப் போகிறவர்கள் மொத்தமாகப் படிப்பார்கள், விடக்கூடாது என்றார் மோகன் சார். கேட்டேன். எல்லாப் பாட்டிலும் பீட்டர் சார் முன்னால் நின்று பாடுகிறார், குழு எங்கோ பக்கத்துத் தெருவில் நிற்கிறது. மேலே போகிற இடமெல்லாம் சுருதி கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. ஏழாவது பாட்டில் மட்டும், அவர் மூச்சு வாங்குகிற இடத்தில், ஒரு பெண் குரல் தனியாக இரண்டு வரி வருகிறது. நான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அதை மறுபடி போட்டுக் கேட்டேன். யார் பாடியது என்று எங்கும் போடவில்லை.

பக்தி, உழைப்பு, ஒலிப்பதிவின் தெளிவு என்று பாதுகாப்பாக எழுதிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்த இரண்டு வரியைக் கேட்டுவிட்டு மற்றதைப் பற்றிப் பொய் எழுத கை வரவில்லை. மேல் ஸ்தாயியில் சுருதி இறங்குகிறது, ஏழாவது பாட்டின் பெண் குரலை இன்னும் கேட்கவேண்டும் போலிருக்கிறது என்று எழுதி, மூன்றரை போட்டு அனுப்பினேன். சிவா அதைப் படித்தார். போனை எடுத்து வாடகை வீடு தேட ஆரம்பித்தார்.

தண்ணீர் மோட்டார் போடும்போது “தொட்டி நிரம்பினா சொல்லும்மா” என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறவர் பீட்டர் சார். விமர்சனம் வந்த நாளிலிருந்து மோட்டார் மட்டும் பேசியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது படியில் எதிரே பார்த்தும், செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார். மகளிடம் பள்ளிக்கூடம் மாற வேண்டியிருக்கலாம் என்று எப்படிச் சொல்வது என்று நானும் சிவாவும் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ரீட்டா ஆன்ட்டி ஒரு டப்பாவில் ரோஸ் குக்கீஸ் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவர்கள் பலகாரம் கொண்டுவர மாட்டார்கள் என்று எனக்கு உயிர் வந்தது. அந்த ஏழாவது பாட்டுக் குரல் அவருடையதுதான். கல்யாணமான நாளிலிருந்து, மேலே போகும்போது சுருதி இறங்குகிறது என்று பீட்டர் சாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவர் நம்பவில்லையாம். “இப்ப எழுத்துல வந்துடுச்சு, நம்பித்தான் ஆகணும்” என்று சிரித்துவிட்டு, டப்பாவை அவசரமில்லாமல் திருப்பித் தந்தால் போதும் என்று சொல்லிப் போனார்.

சில நாள் கழித்து வாசல் கேட் அருகே பீட்டர் சார் என்னை நிறுத்தினார். கையில் அந்த ஞாயிறு பாடவேண்டிய பாட்டுத் தாள்கள். ஒரு தனிப்பாட்டை ரீட்டாவுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“இத்தனை வருஷமும் என் பக்கத்துலதான் நின்னு பாடியிருக்கா. என் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்லம்மா.”

இத்தனை வருஷம் எழுதியதில் நான் தெரிந்துகொண்டது, ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லோரும் விமர்சனத்தைத்தான் கேட்கிறார்கள், அதிலும் அவரவருக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும்.