பாதியில் நின்ற ராஜா கதை

2020-ஆம் வருடம், ஆவணி மாதம். கொரோனாவுக்காகக் கல்லூரியைப் பூட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு மாடி அறையில், இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் என் வகுப்பில் யாரும் தூங்க முடியாது. கடைசி பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டாலும் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்திவிடுவேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அதை ஒரு பெருமையாகவே நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவளை நாற்பத்து மூன்று கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கேமராவைப் போடுங்கள் என்றால் போட மாட்டார்கள். நெட் தீர்ந்துவிடும் என்பார்கள். நான் ஜோக் சொன்னால் சிரிக்கிறார்களா, இல்லை போனை அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்களா, எதுவும் தெரியாது.

அதனால் நானே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பாடத்தின் நடுவில் திடீரென்று யாருடைய பெயரையாவது கூப்பிடுவேன். உடனே குரல் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். இதில் அடிக்கடி மாட்டியவள் ஒரு பெண். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்தில் வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் அவளுடைய பெற்றோர் இருந்தார்கள். விடுதியை மூடியதும் அங்கே போய்விட்டாள். தினமும் பத்து மணிக்கு அவளுடைய கட்டம் சரியாக வந்துவிடும். ஆனால் கூப்பிட்டால் பதில் இருக்காது. அரை மணி நேரம் கழித்து, 'பிரசன்ட் மேம்' என்று எழுதி அனுப்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பிரெஞ்சுப் புரட்சி. ராஜா குடும்பத்தோடு அரண்மனையிலிருந்து தப்பி ஓடும் இடம். வேலைக்காரன் வேஷம் போட்டுக்கொண்ட ராஜா, போகும் வண்டியை மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி பெரிதாக எடுத்துக்கொண்டு போனார், நம் ஊரில் ஒருத்தன் யாருக்கும் தெரியாமல் ஓடிப்போக ஸ்பெஷல் பஸ் பிடித்த கதைதான் என்று சொன்னேன். சொல்லி முடிக்கவும், கொல்லென்று ஒரு சிரிப்பு. ஒருவர் இருவர் அல்ல, ஒரு கூட்டமே சிரித்தது. எல்லாம் பெண்கள் குரல். எப்படியோ அந்த லயத்துப் பெண்ணின் மைக் திறந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் அவள் மைக்கை அடைத்தேன். பிறகு வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் படிக்காத பிள்ளைகளைத் திட்டுவதற்கென்றே ஒரு பேச்சு உண்டு. அது அப்படியே வந்து விழுந்தது.

"கிளாஸ் என்ன உனக்குக் கல்யாண வீடா? படிக்க மனசில்லைன்னா பேசாம ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போ. அதுக்குத்தான் நீ லாயக்கு."

சொன்ன கையோடு அவளை வகுப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒன்பது நாள் ஆனது. புத்தி வந்திருக்கும், வரட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் துறைத்தலைவர் கூப்பிட்டார். பருவத் தேர்வு விண்ணப்பத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, உங்கள் வகுப்பில் ஒருத்தி மட்டும் அனுப்பவில்லை என்றார். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். மூன்றாம் வருடம். இதை விட்டால் படிப்பு அத்தோடு நின்றுபோகும். லயத்துப் பிள்ளைகளில் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும், அவளாகத் தேடிக்கொண்டதுதானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் பேசினார். குரலைக் கேட்டால் என் வயதுதான் இருக்கும்.

"டீச்சரம்மாங்களா? மெட்டுக்கு அங்கிட்டு தோட்டத்துல இருந்து, ஆளுகளை வேலை வாங்குற கங்காணி பேசுறேன். நீங்க வஞ்ச அந்தப் பிள்ளை எங்க லயத்துப் பிள்ளைதான். உங்க நம்பரை அவகிட்ட கெஞ்சித்தான் வாங்குனேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கிறாதீங்க. காய் எடுக்கிறது அம்புட்டுக் கேவலமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாக விவரம் சொன்னார். கொரோனாவால் மாநில எல்லையை அடைத்துவிட்டதால் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே ஏறும் ஜீப்புகள் வரவில்லை. பறிக்க ஆள் இல்லாமல் காய் செடியிலேயே பழுத்து வெடித்துக்கொண்டிருந்தது. அதனால் லயத்தில் கை கால் உள்ள எல்லோரும் தோட்டத்துக்கு இறங்கினார்கள். அந்தப் பெண்ணும் இறங்கினாள். தோட்டத்தில் ஒரே ஒரு சரிவில்தான் டவர் கிடைக்கும். அவளுக்காகவே கங்காணி தினமும் பத்து மணிக்கு ஆட்களை அந்தச் சரிவில் வரிசையாக நிரை பிடித்துக் காய் எடுக்க வைத்திருக்கிறார். மழைக்காகப் பாலிதீன் பையில் போட்ட போன், அவள் கழுத்தில் தொங்கும். ஸ்பீக்கரில் என் வகுப்பு ஓடும். ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுக்கும் கையில் ஈரமும் சேறும் கறையும் அப்பியிருக்கும். அந்தக் கையால் தொட்டால் போன் கேட்காது. பத்தரை மணிக்குச் சாயாவுக்கு விடும்போது கை கழுவிவிட்டுத்தான் அவள் எனக்கு எழுதுவாள்.

"அன்னைக்குச் சிரிச்சது நாங்கதான் டீச்சர். ராசா பஸ்சு பிடிச்ச கதைக்கு. இருபது பேரு நிக்கிறோம், நீங்க சொன்னது அம்புட்டுப் பேரு காதுலயும் விழுந்துச்சு. அவ அப்பிடியே உக்காந்துட்டா. அவ ஆத்தா அன்னைக்கே சொல்லிருச்சு, போதும் ஆத்தா படிச்சதுன்னு."

நான் அடுப்படியில் ஈரக்கையோடு நின்றேன். அந்த மலையின் அடிவாரத்திலேயே இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை மெட்டுக்குக் கூட்டிப்போய் மேகம் காட்டியிருக்கிறேன். காய் எப்படி எடுப்பார்கள் என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

அவளை ஒருதடவை பேசச் சொல்லுங்கள், தனியாக மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன். கங்காணி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்லக் கூடாது. எங்க வழக்கத்தைச் சொல்றேன். ஒருத்தி கூடையில பிஞ்சு கெடக்குன்னு நான் எல்லாரு முன்னாடியும் வஞ்சு, அது அவ கூடை இல்லைன்னு ஆயிருச்சுன்னா, சாயங்காலம் எடை போடுற எடத்துல அம்புட்டுப் பேரும் நிக்கையில நாந்தான் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கணும். தனியாச் சொன்னாச் செல்லாது."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வைக்கும் முன் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"அப்பறம் டீச்சர், அந்த ராசா தப்பிச்சுட்டானா இல்லையா? அன்னையில இருந்து எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காளுக."

நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் பெண்ணை வகுப்புக்கு வரச் சொல்லுங்கள், சொல்கிறேன் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, சாயங்காலம் முழுவதும் மனது கிடந்து முரண்டு பிடித்தது. என் வகுப்பை நான் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்ல இவர் யார்? நாளைக்குப் பிள்ளைகள் என்னை மதிப்பார்களா? மெனக்கெட்டு என் பக்கத்து நியாயத்தையெல்லாம் தேடினேன். எவ்வளவு தேடினாலும், காய் எடுப்பது அவ்வளவு கேவலமா என்ற கங்காணியின் கேள்வியிலேயே வந்து நின்றேன்.

மறுநாள் பத்து மணி. அவளுடைய கட்டம் இல்லை. ஐந்து நிமிடம் எதையோ பேசிக் கடத்தினேன். பத்து நிமிடம் ஆனது. அவ்வளவுதான், அவள் வரமாட்டாள் என்று நினைத்தபோது கட்டம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளையாக அன்று என் கேமராவும் அணைந்திருந்தது. பிறகு நானே அதைப் போட்டேன். இதை முகம் காட்டித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவள் பெயரைச் சொன்னேன். பதினோரு நாளைக்கு முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி அவளைக் கேவலமாகப் பேசினேன், அவள் அன்றைக்கு வேலை செய்துகொண்டே என் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் விசாரிக்கவே இல்லை, தப்பு என்னுடையது என்றேன். காய் எடுக்கும் வேலையைக் குறைவாகப் பேசியதற்கு, அங்கே கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

பிறகு அவளுடைய மைக் திறந்தது. இலையில் மழை விழும் சத்தம் கேட்டது. கங்காணியின் குரல் வந்தது.

"சாரமில்ல டீச்சரே. நீங்க ராசாவைச் சொல்லுங்க."

மலைக்கு அந்தப் பக்கம் பரவாயில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். பின்னாலேயே அந்தப் பெண்ணின் குரலும் கேட்டது. "மேம், கை கழுவிட்டேன் மேம். அப்ளிகேஷனை இன்னைக்கே அனுப்பிர்றேன் மேம்."

அதோடு வகுப்பே திறந்துகொண்டது. ஒருவன் தான் கோழிக்கடையில் நின்று கேட்பதாகச் சொன்னான். பொட்டிபுரத்துப் பையன் ஒருவன் மாட்டை மேயவிட்டுக் கரட்டு மேட்டில் உட்கார்ந்திருந்தான். இன்னொருத்தி, கைக்குழந்தையோடு இருக்கும் அக்காவுக்குச் சமைத்துக்கொண்டே கேட்கிறாள். தூங்கிக்கொண்டு கேட்கிறேன் என்றும் ஒருவன் உண்மையைச் சொன்னான். சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து வருகைப் பதிவைப் பத்தரை மணிக்கு, சாயா நேரத்துக்கு மாற்றினேன். டவர் கிடைக்காதவர்களுக்குப் பாடத்தைக் குரலில் பதிந்து அனுப்பினேன். கங்காணியம்மாவின் ஆட்கள் நெப்போலியன் வரைக்கும் விடாமல் கேட்டார்கள். ராஜா பிடிபட்டதும் ஒரு அம்மா, குடும்பத்தோட போனவன் பாவந்தான் என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

அந்தப் பெண் தேர்வு எழுதினாள், பாஸானாள், பி.எட். முடித்தாள். இப்போது ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறாள். சில சமயம் போன் போட்டு, வகுப்பில் ஒரு பையன் வாயே திறக்க மாட்டேன் என்கிறான் மேம், என்ன செய்யலாம் என்று கேட்பாள். முதலில் அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா என்பேன்.

என் மாணவர்கள் இன்று மறுபடியும் என் கண்ணெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு முகத்தைப் பார்த்ததுமே இவன் இப்படித்தான் என்று முடிவு கட்டும் தைரியம் எனக்கு இப்போது இல்லை. அந்தத் தைரியம் போன பிறகுதான் நான் வாத்தியார் வேலையையே பார்க்க ஆரம்பித்தேன் என்று தோன்றுகிறது.